ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் இதைப் பாருங்கள்

எங்கள் குடியிருப்பில் இருபதுக்கு மேல் ஸ்கூட்டர் நிற்கிறது. ஐப்பசி பிறந்து மழை பிடித்துவிட்டால், காலை எட்டு மணிக்கு, சரியாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும் நேரத்தில், கீழே யாராவது ஒருவர் செல்ஃப் பட்டனை அழுத்திக்கொண்டே நிற்பார். முதலில் என் வண்டிக்காகக் கற்றுக்கொண்டேன், அப்புறம் மனைவியின் வண்டி, மச்சானின் வண்டி, பக்கத்து வீட்டு அக்காவின் வண்டி என்று பத்து வருடமாகப் பார்த்ததில் ஒன்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுகிறார்கள், ஆனால் பழுது பெரும்பாலும் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிறதே தவிர பேட்டரியில் இல்லை. லூசான ஒரு போல்ட், களிம்பு பிடித்த ஒரு டெர்மினல், வேலை செய்யாத ஒரு பிரேக் சுவிட்ச், இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

இது 100 முதல் 125 சிசி வரையுள்ள கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர்களுக்கு எழுதியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்ததற்கு முந்தைய வண்டி என்றால் பெரும்பாலும் கார்புரேட்டர்தான், அதற்குப் பிந்தையது என்றால் எஃப்ஐ (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை). உங்களுடையது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சில இடங்களில் இரண்டுக்கும் வழி வேறு. மின்சார ஸ்கூட்டர் முற்றிலும் வேறு விஷயம், அதை இதில் சேர்க்கவில்லை.

கையில் வேண்டியவை: ஒரு சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர் (சில நூறு ரூபாய்தான், ஒரு தடவை தேவையில்லாமல் பேட்டரி வாங்குவதைத் தடுத்தாலே போட்ட காசு வந்துவிடும்), ஸ்க்ரூ டிரைவர், 10 நம்பர் ஸ்பேனர், வண்டியோடு வந்த பிளக் ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், கொஞ்சம் வாசலின், ஓரிரண்டு ஸ்பேர் ஃப்யூஸ். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஏதாவது கழற்றுவதாக இருந்தால் சாவியை ஆஃப் செய்துவிட்டு முதலில் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். பாசிடிவ் போல்ட்டைத் திருகும் ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டால் பொறி பறக்கும், பக்கத்தில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

எதையும் கழற்றும் முன் ஒரு நிமிடம்

சைடு ஸ்டாண்ட் மேலே இருக்கிறதா? பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் சைடு ஸ்டாண்ட் கீழே இருந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டாண்ட் மேலே இருந்தும் மீட்டரில் அதற்கான விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், அந்தச் சுவிட்சில் சேறு அடைத்திருக்கிறது என்று அர்த்தம், தண்ணீர் ஊற்றிக் கழுவி ஸ்டாண்டை நாலைந்து தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஹேண்டிலில் கில் சுவிட்ச் (இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச்) இருந்தால் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள், சின்னப் பிள்ளைகள் வண்டி மேல் ஏறி விளையாடும் வீட்டில் இது அடிக்கடி நடக்கும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் செல்ஃப் அழுத்துகிறீர்களா? வண்டி நிறுத்தத்தில் சாய்ந்து விழுந்திருந்தால், எஃப்ஐ வண்டியில் சாய்வு சென்சார் இன்ஜினைத் தடுத்து வைத்திருக்கும், நிமிர்த்தி நிறுத்தி சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் பெரும்பாலும் விடுபடும். சாவி இல்லாத ஸ்மார்ட் கீ வண்டி என்றால் கீயில் உள்ள காசு வடிவ பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அப்புறம் பெட்ரோல். முள்ளை நம்பாதீர்கள், மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிச் சத்தம் கேளுங்கள்.

இதெல்லாம் சரி என்றால், சாவியைப் போட்டதும் வண்டி என்ன செய்கிறது என்பதை வைத்துக் கீழே உங்கள் தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 1: சாவி போட்டால் ஒன்றுமே வரவில்லை. மீட்டர் விளக்கு இல்லை, ஹாரன் இல்லை

நேற்று இரவு நன்றாக ஓடிய வண்டி காலையில் இப்படிச் செத்துக் கிடந்தால், பேட்டரி ஒரே ராத்திரியில் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். பேட்டரி பொதுவாக அப்படிப் போவதில்லை, சில நாள் முன்பே செல்ஃப் தளர்ந்து சொல்லிவிட்டுத்தான் போகும். திடீரென்று எல்லாமே அணைந்தால் முதல் சந்தேகம் ஃப்யூஸ்.

ஃப்யூஸ் பேட்டரி பெட்டிக்குள்ளோ அதன் பக்கத்திலோ ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும், தட்டையாக, இரண்டு கால்களோடு. பிடுங்கி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் உள்ள கம்பி அறுந்திருந்தாலோ கறுத்திருந்தாலோ போய்விட்டது. கம்பி முழுசாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், சில சமயம் கால் பக்கம் விரிசல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, மல்டிமீட்டரின் பீப் சோதனையில் இரண்டு காலிலும் வைத்தால், பீப் வராததில் தெரிந்துவிடும். அதன் மேல் எழுதியிருக்கும் அதே ஆம்பியரில்தான் புதியது போட வேண்டும். 10 என்று இருந்தால் 10, 15 என்று இருந்தால் 15. செப்புக் கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ சுற்றி ஓட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். ஃப்யூஸ் எரிவதற்குக் காரணமான ஷார்ட் அப்போதும் அங்கேயே இருக்கும், அடுத்து எரிவது ஒயரிங், அது எரிவது உங்கள் சீட்டுக்குக் கீழே.

புது ஃப்யூஸ் போட்ட உடனே மறுபடி போனால், அத்தோடு நிறுத்துங்கள். எங்கோ ஒரு ஒயர் உரிந்து பாடியில் படுகிறது. ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பக்கம் ஒயர் தேய்ந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம், வெளியில் வாங்கி மாட்டிய ஹாரனோ மொபைல் சார்ஜரோ காரணமாக இருக்கலாம். கூடுதலாக மாட்டிய எதையாவது கழற்றிப் பார்த்து அதோடு பிரச்சினை போனால் நல்லது, இல்லையென்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால் பேட்டரி டெர்மினல். கையால் ஆட்டிப் பாருங்கள், அசையவே கூடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஒயரைக் கழற்றி, வெந்நீரில் கொஞ்சம் சமையல் சோடா கலந்து துணியில் நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு வாரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கடையில் விட்டு எடுத்து வந்துகொண்டிருந்தார், கடையில் ஒவ்வொரு தடவையும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள், நெகடிவ் டெர்மினலின் நட்டு உள்ளே நழுவிப் போல்ட் சும்மா சுற்றிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. நட்டுக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் துண்டு வைத்துத் தூக்கி இறுக்கியதோடு சரியாகிவிட்டது.

டெர்மினலும் சரி என்றால் பேட்டரியின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் வண்டியில் எதுவும் வரவில்லை என்றால் அடுத்தது சாவி லாக். சாவியைப் போட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள், விளக்கு வந்து வந்து போனால் லாக்கின் உள் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் சில மாதம் ஓடும், பிறகு லாக் செட் மாற்ற வேண்டி வரும், அது முன்பக்கப் பேனல் கழற்றும் வேலை, கடையில் கொடுப்பதே நல்லது. 12க்கு ரொம்பக் கீழே, 8, 9 என்று காட்டினால் பேட்டரி இறங்கிவிட்டது. ஏன் இறங்கியது என்பதை அறிகுறி 6-இல் பாருங்கள், காரணம் தெரியாமல் புதியது வாங்காதீர்கள்.

அறிகுறி 2: விளக்கு, ஹாரன் எல்லாம் நன்றாக இருக்கிறது, செல்ஃப் அழுத்தினால் மட்டும் சத்தமே இல்லை

பேட்டரி நன்றாக இருக்கும்போதே வீணாகப் பழி சுமப்பது இந்த அறிகுறியில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செல்ஃப் பட்டனுக்குப் போகும் மின்சாரம் பிரேக் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதே, அதே சுவிட்ச். எனவே செய்ய வேண்டிய சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம். சாவியைப் போட்டு, பின்னால் ஒருவரை நிற்க வைத்து, இடது பிரேக்கைப் பிடியுங்கள். விடுங்கள். வலது பிரேக்கைப் பிடியுங்கள். ஆள் இல்லாவிட்டால் சுவர் ஓரமாக நிறுத்தினால் சுவரில் வெளிச்சம் தெரியும்.

இடது பிரேக்கில் விளக்கு வரவில்லை, வலதில் வருகிறது என்றால், வலது பிரேக்கைப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அழுத்துங்கள், வண்டி எடுத்துவிடும். அவசரத்துக்குப் போய் வந்துவிட்டு நிதானமாக இடது சுவிட்சைப் பாருங்கள். அது பிரேக் பிடிக்கு அடியில் இருக்கும் சின்ன கறுப்புத் துண்டு, மழைத் தண்ணீர் உள்ளே போய் இறுகிவிடும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, பிடியை இருபது முப்பது தடவை அழுத்தி விட்டால் பல சமயம் உயிர் வரும், வராவிட்டால் புது சுவிட்ச், நூறு ரூபாயைச் சுற்றித்தான் ஆகும். இரண்டு பிரேக்கிலும் விளக்கு வரவில்லை என்றால் முதலில் பிரேக் பல்பையும், வண்டியில் இன்னொரு ஃப்யூஸ் இருந்தால் அதையும் பாருங்கள்.

போன கார்த்திகையில் இரவு பத்து மணிக்கு மழையில் மச்சான் கூப்பிட்டார். ரயில் நிலைய வாசலில் வண்டி நிற்கிறது, செல்ஃப் சத்தமே இல்லை, கிக்கரும் உடைந்து மாதக் கணக்காகிறது, பேட்டரி கடை எதுவும் திறந்திருக்காது, என்ன செய்வது என்று. மற்ற பிரேக்கைப் பிடித்து அழுத்துங்கள் மச்சான் என்றேன். போனிலேயே இன்ஜின் சத்தம் கேட்டது.

பிரேக் விளக்கு இரண்டிலும் எரிகிறது, ஆனாலும் செல்ஃப் இல்லை என்றால், அடுத்த சந்தேகம் செல்ஃப் பட்டன். அதன் உள்ளேயும் களிம்பு பிடிக்கும். பட்டனை அழுத்தமாகவும் ஓரமாகவும் அமுக்கிப் பாருங்கள், ஏதாவது ஒரு கோணத்தில் பிடித்தால் பட்டன்தான் குற்றவாளி. ஸ்ப்ரே அடியுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ரிலேயோ (பட்டனை அழுத்தியதும் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்ச்), ரிலேவுக்குப் போகும் சாக்கெட்டோ. சாக்கெட்டைப் பிடுங்கிப் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்து மறுபடி அழுத்தி மாட்டுவது வரை நீங்களே செய்யலாம். சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆகும் புது வகை வண்டிகளில் (தனி செல்ஃப் மோட்டார் கிடையாது, ஜெனரேட்டரே இன்ஜினைச் சுற்றும்) இதற்கு மேல் கை வைக்க வேண்டாம், அங்கே எல்லாவற்றையும் கட்டுப்படுத்துவது இசியூ என்ற மின்னணுப் பெட்டி, தவறாக ஒரு ஒயரைத் தொட்டால் செலவு ஆயிரங்களில் போகும்.

அறிகுறி 3: 'டிக்' என்று ஒரு சத்தம், அல்லது 'டிக்டிக்டிக்' என்று தொடர் சத்தம்

இரண்டும் ஒன்றல்ல.

டிக்டிக்டிக் என்று வேகமாக அடித்து, மீட்டர் விளக்கும் கூடவே மங்கிமங்கி வந்தால், பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது இருக்கும் சக்தி வந்து சேரவில்லை. மீட்டரை பேட்டரியின் இரண்டு முனையிலும் வையுங்கள். வண்டி ஓடாமல் சில மணி நேரமாவது நின்ற பிறகு 12.6, 12.7 என்று காட்டினால் முழு சார்ஜ். 12.4 பரவாயில்லை. 12.0 என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 12 வோல்ட் பேட்டரிதானே, 12 இருக்கிறதே என்று பலர் ஏமாந்துபோவது இங்கேதான். சரி, 12.6 இருக்கிறது என்றே வைப்போம். மீட்டரை எடுக்காமல் செல்ஃபை அழுத்தச் சொல்லி எண்ணைப் பாருங்கள். 10-க்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. சட்டென்று 8, 7 என்று விழுந்து பட்டனை விட்டதும் 12-க்கு ஏறினால், பார்க்க வோல்ட்டேஜ் இருந்தாலும் பேட்டரியின் உள்ளே ஒன்றுமில்லை, அதுதான் மாற்ற வேண்டிய பேட்டரி. வாங்கி மூன்று நான்கு வருடம் ஆனவை இப்படித்தான் முடியும். மேலே ஒட்டியிருக்கும் தேதியையும் வாரண்டி அட்டையையும் பாருங்கள், வாரண்டிக்குள் இருந்தால் கடையில் சோதனை செய்து மாற்றித் தருவார்கள்.

ஒரே ஒரு 'டிக்', விளக்கு மங்கவே இல்லை, மீட்டரிலும் 12-க்குக் குறையவில்லை என்றால், ரிலே இழுக்கிறது, ஆனால் மோட்டாருக்கு மின்சாரம் போய்ச் சேரவில்லை. முதலில் எர்த் ஒயர். பேட்டரி நெகடிவிலிருந்து சேசிஸுக்கோ இன்ஜினுக்கோ போகும் தடித்த ஒயரின் மறுமுனை போல்ட் துருப்பிடித்திருக்கும். இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் முனையிலும், மற்றதை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்து செல்ஃபை அழுத்துங்கள். கிட்டத்தட்ட சைபர் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை, போல்ட்டைக் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள்.

எர்த் நன்றாக இருந்தால் ரிலேயின் உள் காண்டாக்ட் கருகியிருக்கலாம், அல்லது செல்ஃப் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். செல்ஃபை அழுத்திக்கொண்டே இன்னொருவர் மோட்டார் உடம்பை மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் ஒரு தடவை எடுத்துவிடும், எடுத்தால் பிரஷ்தான். பிரஷ் செட் விலை குறைவு, கூலிதான் அதிகம். சில கடைகளில் மோட்டாரையே மாற்றச் சொல்வார்கள், பிரஷ் மட்டும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ பாகத்தை விசாரித்துவிட்டுப் போனால் விலையில் தெளிவாகப் பேசலாம்.

ரிலேயின் இரண்டு தடித்த முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து மோட்டார் சுற்றுகிறதா என்று மெக்கானிக்குகள் பார்ப்பார்கள். பெரிய பொறி வரும். பெட்ரோல் வாடை அடிக்கும் இடத்தில் பழக்கமில்லாதவர் செய்ய வேண்டாம்.

அறிகுறி 4: செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, அல்லது மோட்டார் மட்டும் சுற்றுகிறது

'உர்... உர்...' என்று முக்கி முக்கிச் சுற்றினால் அறிகுறி 1-இல் சொன்ன டெர்மினல், அறிகுறி 3-இல் சொன்ன எர்த், பேட்டரி மூன்றையும் இந்த வரிசையில் பாருங்கள். மார்கழிக் காலையில் மட்டும் இப்படி இருந்தால் பேட்டரி கடைசிக் காலத்தில் இருக்கிறது, குளிரில் அதன் பலம் இன்னும் குறையும்.

மோட்டார் 'உய்ங்' என்று வேகமாகச் சுற்றி, இன்ஜின் அசையவே இல்லை என்றால் அது மின்சாரக் கோளாறு இல்லை, மோட்டாரையும் இன்ஜினையும் இணைக்கும் பல்சக்கரமோ கிளட்சோ தேய்ந்திருக்கிறது. நேராக மெக்கானிக்.

செல்ஃபை ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள், அடுத்த முயற்சிக்கு முன் பத்து விநாடியாவது விடுங்கள். அரை நிமிடம் விடாமல் அழுத்தி, ஓரளவு நன்றாக இருந்த பேட்டரியையும் காலி செய்துவிட்டுத்தான் பலர் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அறிகுறி 5: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இங்கே வண்டியின் வகை முக்கியம்.

எஃப்ஐ வண்டி என்றால் முதலில் காது. சுற்றிலும் சத்தம் இல்லாத இடத்தில் சாவியைப் போட்டால் இரண்டு மூன்று விநாடி 'ஙொய்ய்' என்று பெட்ரோல் பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் ஃப்யூஸ் தனியாக இருந்தால் அது, பம்ப் சாக்கெட், ரிலே என்று பாருங்கள், அதற்கு மேல் சர்வீஸ் சென்டர்தான். அடுத்து மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. சாவி போட்டதும் வந்து சில விநாடியில் அணைய வேண்டும். சில மாடல்களில் இன்ஜின் ஸ்டார்ட் ஆன பிறகுதான் அணையும், உங்கள் வண்டியில் வழக்கமாக எப்படி என்பது உங்களுக்குத்தான் தெரியும். அது சிமிட்டினால், எத்தனை தடவை சிமிட்டுகிறது என்பதே பல மாடல்களில் பிழைக் குறியீடு. போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சர்வீஸ் சென்டரில் காட்டினால் நேரம் மிச்சம். எஃப்ஐ வண்டியில் பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டால் கிக்கரை எவ்வளவு உதைத்தாலும் பயனில்லை, பம்புக்கும் இசியூவுக்கும் மின்சாரம் வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பேட்டரியே இல்லாவிட்டாலும் கிக்கரில் எடுக்கும், அந்தப் பழக்கத்தில் இந்த வண்டியையும் உதைத்துக் கால் வலித்தவர்கள் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள்.

பம்ப் ஓடுகிறது, அல்லது உங்களுடையது கார்புரேட்டர் வண்டி, அப்படியென்றால் பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் கேப்பைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, கேப்பில் மறுபடி மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு இன்ஜின் உலோகத்தில் நன்றாகப் படும்படி, பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி வரும், பொறி அதன் பக்கத்தில் இருக்கக் கூடாது. பிளக்கைக் கையில் பிடிக்கக் கூடாது. உலோகத்தில் படாமல் அந்தரத்தில் வைத்துச் செல்ஃப் அழுத்தினால் சிடிஐ (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) அல்லது இசியூ கெட வாய்ப்பு உண்டு, எனவே இதில் அவசரம் வேண்டாம். பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் ஓவர்ஃப்ளோ, அதாவது பெட்ரோல் அதிகமாகிவிட்டது, துடைத்துக் காயவைத்து மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அழுத்துங்கள்.

செல்ஃப் அழுத்தும்போது பிளக் முனையில் நீலமாகப் பளிச்சென்று 'டப் டப்' என்று வந்தால் பொறி நல்லது, கோளாறு பெட்ரோல் பக்கமோ காற்றுப் பக்கமோ இருக்கிறது. மஞ்சளாக, மெல்லியதாக வந்தாலோ வரவே இல்லை என்றாலோ, விலை குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். முதலில் புது பிளக், மேனுவலில் சொன்ன அதே நம்பர். சின்னத் தொகைதான், எப்படியும் மாற்ற வேண்டியதுதான். அடுத்து பிளக் கேப். அதைத் திருகினால் ஒயரிலிருந்து கழன்று வரும், உள்ளே பச்சையாக இருந்தால் ஒயர் முனையை அரை சென்டிமீட்டர் நறுக்கிவிட்டு மறுபடி திருகி மாட்டுங்கள். மழைக்காலத்தில் பொறி போவதற்கு நான் பார்த்ததில் முதல் காரணம் இந்தக் கேப்தான்.

இரண்டும் செய்தும் பொறி இல்லை என்றால் மீதி இருப்பது இக்னிஷன் காயில், பிக்கப் காயில், சிடிஐ அல்லது இசியூ. இவற்றை ஊகத்தில் வாங்கி மாட்டிப் பார்க்காதீர்கள். மின்சாரப் பாகம் ஒரு தடவை வாங்கிவிட்டால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். நல்ல மெக்கானிக்கிடம் அதே மாடலின் ஓடுகிற சிடிஐ ஒன்று இருக்கும், மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சூடானதும் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டி இருக்கிறதே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பெரும்பாலும் பிக்கப் காயிலோ இக்னிஷன் காயிலோ சூட்டில் விட்டுப்போகிறது. நின்ற அந்த நிமிடத்தில் பொறி இருக்கிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும், ஆறிய பிறகு கடையில் கொண்டுபோய் நிறுத்தினால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

வெள்ளத் தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், 2023-இல் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் சீட் வரை மூழ்கிய வண்டிகளை, தண்ணீர் வடிந்ததும் செல்ஃப் அடித்துப் பார்த்தே கெடுத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். சைலன்சரோ ஏர் ஃபில்டரோ மூழ்கியிருந்தால் சாவியைப் போடவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி நெகடிவைக் கழற்றி வைத்துவிட்டு, வண்டியை டெம்போவில் ஏற்றிக் கடைக்கு அனுப்புங்கள், இன்ஷூரன்ஸ் இருந்தால் முதலில் போட்டோ எடுத்து அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

வெறும் மழையில் நனைந்தது, அல்லது வாட்டர்வாஷ் முடிந்து எடுக்கவில்லை என்றால் பயமில்லை. பிளக் கேப்பைக் கழற்றித் துடைத்து, பிரேக் சுவிட்சையும் செல்ஃப் பட்டனையும் துணியால் ஒற்றி, ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள்.

அறிகுறி 6: புது பேட்டரி போட்டும் சில நாளில் இறங்கிவிடுகிறது

மச்சான் ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி வாங்கினார். இரண்டு தடவையும் கடையில் பேட்டரியை மட்டும்தான் சோதித்தார்கள், அது ஏன் இறங்குகிறது என்று வண்டியை யாரும் பார்க்கவில்லை. இரண்டாவது பேட்டரியும் போன பிறகுதான் என்னிடம் வந்தார்.

சார்ஜ் ஏறுகிறதா என்பது முதல் கேள்வி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து பேட்டரி முனையில் மீட்டரை வையுங்கள். பின்சக்கரம் சுற்றும், புடவை, துப்பட்டா, பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். 13.5 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜிங் நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் முன் இருந்த 12.4-இலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கட்டுப்படுத்தவில்லை, பேட்டரி வெந்து வீங்கிவிடும், பல்புகளும் அடிக்கடி போகும். ஏறவில்லை என்றால் முதலில் ரெகுலேட்டரின் சாக்கெட்டைப் பிடுங்கிப் பாருங்கள். மச்சான் வண்டியில் அந்தச் சாக்கெட்டின் ஒரு பின் கருகி பிளாஸ்டிக் உருகியிருந்தது. சாக்கெட்டை மாற்றியதும் மீட்டரில் 14.1. மூன்றாவது பேட்டரி இன்றுவரை அதே வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது. சாக்கெட் நன்றாக இருந்தால் ரெகுலேட்டர், அதற்கும் அடுத்து ஸ்டேட்டர் காயில், இரண்டுக்கும் எலக்ட்ரீஷியன் வேண்டும்.

சார்ஜ் நன்றாக ஏறியும் இறங்கினால், சாவி ஆஃபில் இருக்கும்போதே எங்கோ கசிகிறது. சாவியை எடுத்துவிட்டு, நெகடிவ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் பக்கம் மாற்றி ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் இணையுங்கள், எண் ரொம்பச் சின்னதாக இருந்தால் மில்லி ஆம்பியருக்கு மாறுங்கள். இந்த நிலையில் சாவியைப் போடவோ செல்ஃபை அழுத்தவோ கூடாது, மீட்டர் போய்விடும். பழைய வண்டியில் கிட்டத்தட்ட சைபர் இருக்க வேண்டும், டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டியில் ஓரிரண்டு மில்லி ஆம்பியர் இருக்கலாம். 50 மில்லி ஆம்பியர் காட்டுகிறது என்று வையுங்கள், 5 ஆம்பியர் அவர் (Ah) கொள்ளளவுள்ள பேட்டரி நூறு மணி நேரத்தில், அதாவது நாலு நாளில் காலி. வெளியில் மாட்டிய அலாரம், ஜிபிஎஸ், மொபைல் சார்ஜர், எல்ஈடி விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது எண் விழுகிறது என்று பாருங்கள்.

இரண்டும் இல்லை என்றால் ஓட்டும் முறையைப் பாருங்கள். 2017 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட்டும் எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. தினமும் ஒரு கிலோமீட்டர் கடைக்குப் போய் வருவது, நாலு தடவை செல்ஃப் அடிப்பது, இவ்வளவுதான் ஓட்டம் என்றால் எடுத்த சார்ஜ் திரும்ப ஏறுவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. கிக்கர் இருந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு அதைப் பயன்படுத்துங்கள், வாரத்தில் ஒரு நாளாவது அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். ஊருக்குப் போய் ஒரு மாதம் வண்டி நிற்கும் என்றால் நெகடிவைக் கழற்றிவிட்டுப் போங்கள். கடையில் சார்ஜ் ஏற்றக் கொடுத்தால், கார் பேட்டரிகளோடு சேர்த்து வேகமாக ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். 5 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு அரை ஆம்பியரில் மெதுவாக ஏற்றுவதுதான் சரி.

கடைக்குப் போகும்போது

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நின்றபோது எத்தனை வோல்ட், செல்ஃப் அழுத்தும்போது எத்தனை, ஓடும்போது எத்தனை, இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், பிரேக் விளக்கு எரிகிறது, பொறி வருகிறது அல்லது வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தப் பாகம் மாற்ற வேண்டும் என்றாலும் மாற்றும் முன் போனில் கேட்கச் சொல்லுங்கள், மாற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரியை மட்டும் அங்கேயே கொடுத்துவிடலாம், உள்ளே ஈயம் இருப்பதால் அதற்கு விலை உண்டு, புதியதன் பில்லில் கழித்துக்கொள்வார்கள், கழிக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.